சிறிய பயண ட்ரெய்லருக்கு ஜெனரேட்டர் பெட்டி: கொழும்பில் செய்விப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இங்கே பேசுவது ஒற்றை அச்சில் ஓடும், வானோ ஜீப்போ இழுக்கும் சிறிய படுக்கை ட்ரெய்லர் பற்றி. ஜெனரேட்டர் என்றால் கைபிடித்துத் தூக்கும் பெற்றோல் இன்வேர்ட்டர் வகை. பெட்டி என்றால் அதைப் பயணத்தில் வைத்துக்கொண்டு போக ட்ரெய்லருக்கு வெளியே பூட்டும் தகட்டுப் பெட்டி. கணக்குச் சொல்ல ஒரு மெஷின் வேண்டும் என்பதற்காக ஹொண்டா ஈயூ22ஐ மொடலை எடுத்திருக்கிறேன்: நீளம் 509, அகலம் 290, உயரம் 425 மில்லிமீற்றர், வெறும் எடை 21 கிலோவுக்குச் சற்று மேல், தாங்கியில் 3.6 லீற்றர் பெற்றோல் பிடிக்கும். உங்களிடம் வேறு மெஷின் இருந்தால் எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். முறை ஒன்றுதான்.

தனியாக ஒரு பெட்டி எதற்கு? ட்ரெய்லருக்கு உள்ளேயே வைத்துக்கொண்டு போனால் என்ன?

பெற்றோல் ஆவி காற்றைவிடப் பாரமானது. மூடிய ட்ரெய்லருக்குள் கசிந்தால் மேலே எழுந்து போகாது. கட்டிலுக்கு அடியிலும் அலுமாரியின் மூலையிலும் போய்த் தேங்கி நிற்கும். பெற்றோல் பூச்சியத்துக்குக் கீழே 40 பாகையிலும் தீப்பற்றக்கூடிய அளவு ஆவியை விடும். புறக்கோட்டை வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் எவ்வளவு ஆவி வரும் என்று யோசியுங்கள். அதே அறையில் கேஸ் அடுப்பும் இருக்கும், சுவிட்ச் பொறியும் இருக்கும், இரவில் பிள்ளைகளும் படுப்பார்கள். ஆகவே மெஷினின் இடம் வெளியேதான்.

இன்னொரு காரணமும் உண்டு. இங்கே ஜெனரேட்டர் வாங்கியவர்களில் பலர் பயணத்துக்காக மட்டும் வாங்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்தில் ஒரு குரங்கால் நாடு முழுக்கக் கறண்ட் போனது. வீட்டுக்கும் பயணத்துக்கும் அந்த ஒரே மெஷின்தான். எனவே பெட்டி நல்லதா என்று பார்க்க நான் முதலில் கேட்கும் கேள்வி, மெஷின் அதிலிருந்து எவ்வளவு சுலபமாக வெளியே வருகிறது என்பதுதான்.

பெட்டிக்குள் வைத்தபடியே ஓட விடலாமா? மூடியைத் திறந்து வைத்தால் போதாதா?

கூடாது. இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் சூடு. முழுச் சுமையில் இந்த மெஷின் 3.6 லீற்றரை மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடி முடிக்கும், அதாவது மணிக்கு ஒரு லீற்றருக்குக் கொஞ்சம் கூட. ஒரு லீற்றர் பெற்றோலில் சுமார் 32 மெகாஜூல் சக்தி இருக்கிறது. கணக்குப் போட்டால் ஏறக்குறைய 10 கிலோவாட் உள்ளே போகிறது. கறண்டாக வெளியே வருவது 1.8 கிலோவாட்தான். மிச்சம் 8 கிலோவாட்டும் சூடு. நாலு மின்கேத்தில்களை ஒரு அலுமாரித் தட்டுக்குள் வைத்து ஒன்றாகக் கொதிக்க விடுவதற்குச் சமம். மூடியைத் திறந்தாலும் நாலு பக்கமும் தகடு நிற்கிறது. வெளியேறிய சூடான காற்றையே மெஷின் திரும்ப இழுக்கும், சூடேறி நிற்கும், அல்லது நிற்காமல் பழுதாகும். அதன் தாங்கி நிறையப் பெற்றோல் அந்தச் சூட்டுக்குள்தான் இருக்கிறது.

அடுத்தது காபன் மொனொக்சைட்டு. நிறம் இல்லை, மணம் இல்லை. குருதியில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினை, ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். விழித்திருப்பவருக்குத் தலையிடியும் குமட்டலும் வரும். அதைப் பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார். உறங்குபவருக்கு அந்த எச்சரிக்கையும் கிடையாது. இதன் அடர்த்தி ஏறக்குறைய காற்றினுடையதுதான் என்பதால் மேலே போய்விடும், கீழே படிந்துவிடும் என்றெல்லாம் நம்ப முடியாது. காற்று போகும் பக்கம் அதுவும் போகும். முன் சட்டத்தில் பூட்டிய பெட்டிக்கும் படுக்கைக்கு மேலுள்ள முன் யன்னலுக்கும் இடையே எவ்வளவு தூரம்? இரண்டு முழம் இருந்தால் அதிகம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு நிலையம் ஜெனரேட்டரை யன்னல், கதவிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி வைக்கச் சொல்கிறது. ட்ரெய்லரிலேயே பூட்டிய பெட்டியில் அந்தத் தூரம் வரவே வராது.

தூரமாக வைத்தால் கறண்ட் குறையும் என்று சிலர் தயங்குகிறார்கள். 2.5 சதுர மில்லிமீற்றர் செம்பு வயர் 10 மீற்றர் போட்டு 8 அம்பியர் இழுத்தாலும், 230 வோல்ட்டில் ஒன்றரை வோல்ட்டுக்குள்தான் குறையும். பல்பு மங்குவதுகூடத் தெரியாது. வயர் சுருளை முழுவதும் அவிழ்த்துவிட்டுப் பாவியுங்கள். சுற்றியபடி விட்டால் சூடாகும்.

இவ்வளவும் செய்தாலும் ட்ரெய்லருக்குள் பற்றரியில் வேலை செய்யும் காபன் மொனொக்சைட்டு எச்சரிக்கைக் கருவி ஒன்று கட்டாயம் வேண்டும். பயண வண்டிகளுக்கும் படகுகளுக்கும் என்று தனி ஐரோப்பியத் தரம் உண்டு: ஈஎன் 50291-2. கருவி வரும் பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்து வாங்குங்கள். புகை எச்சரிக்கைக் கருவி இந்த வாயுவைக் கண்டுபிடிக்காது.

வெளியே வைத்தால் மழை பெய்யுமே?

கொழும்பிலிருந்து புறப்படுபவருக்கு நியாயமான கவலைதான். மெஷினுக்கு மேலே கூரை வேண்டும், பக்கங்களில் மறைப்பு கூடாது. நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும், மெஷினுக்கு மேல் ஒரு மீற்றருக்குக் குறையாத இடைவெளியும் இருந்தால் சாதாரண மழைக்குப் போதும். தரையில் தண்ணீர் ஓடும் இடமென்றால் ஒரு பலகையில் ஏற்றி வையுங்கள். காற்றோடு சாய்ந்து அடிக்கும் மழையில் ஓட்டாதீர்கள். தென்மேல் பருவ மழைக் காலத்தில், மே முதல் செப்டெம்பர் வரை, மேற்குக் கரையில் தங்கப் போகிறவர்கள் விளக்குக்கும் போனுக்கும் ஒரு பற்றரியையும் வைத்துக்கொள்வது நல்லது.

பெட்டியை முன்னால் பூட்டுவதா, பின்னால் பூட்டுவதா?

முன்னால். கொழுவுமிடத்துக்கும் ட்ரெய்லர் உடலுக்கும் இடையிலுள்ள முக்கோணச் சட்டத்தில். காரணம் சமநிலை.

ட்ரெய்லரின் மூக்கு, அதாவது கொழுவும் முனை, இழுக்கும் வண்டியின் கொழுவிப் பந்தில் கொஞ்சம் பாரத்தோடு அமர்ந்திருக்க வேண்டும். ஐரோப்பாவில் மொத்த எடையில் 5 முதல் 7 சதவீதம் என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15 சதவீதம். மூக்குப் பாரம் குறைந்தால் ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஏ9 வீதியில் நேராக வேகமாகப் போகும்போது அந்த ஆட்டம் தொடங்கினால் அடக்குவது கடினம்.

கணக்கு இப்படி. பெற்றோல் நிரப்பிய மெஷின் 24 கிலோ, இரும்புப் பெட்டி 22 கிலோ, ஆக 46. கொழுவுமிடத்திலிருந்து அச்சு வரை 2.8 மீற்றர், பெட்டியின் நடு கொழுவுமிடத்திலிருந்து 0.8 மீற்றர் என்று வையுங்கள். 2.8 இல் 0.8 போக 2.0, அதை 2.8 ஆல் வகுத்து 46 ஆல் பெருக்கினால் 33 கிலோ மூக்கில் கூடும். அதே பெட்டியை அச்சுக்குப் பின்னால் 1.2 மீற்றரில் தொங்கவிட்டால் மூக்கிலிருந்து 20 கிலோ கழியும். 700 கிலோ ட்ரெய்லரில் மூக்குப் பாரமே 50 கிலோ அளவில்தான் இருக்கும். அதில் 20 போனால் மிச்சம் என்ன?

முன்னால் பூட்டினாலும் 33 கிலோ சின்ன விஷயம் அல்ல. உங்கள் வண்டியின் கொழுவி எவ்வளவு தாங்கும் என்று அதன் தகட்டிலோ கையேட்டிலோ பாருங்கள். கூடினால் உள்ளேயுள்ள தண்ணீர்த் தாங்கி, சாப்பாட்டுப் பெட்டி போன்றவற்றைக் கொஞ்சம் பின்னுக்கு, அச்சுக்கு மேலாக நகர்த்துங்கள். அளப்பதற்குக் குளியலறைத் தராசு போதும்: மட்டமான தரையில், ஓடும்போது இருக்கும் உயரத்தில், ஒரு கட்டையைத் தராசின் மேல் நிறுத்தி அதில் மூக்கை இறக்குங்கள்.

பெட்டியின் அளவை எப்படித் தீர்மானிப்பது?

மெஷினைச் சுற்றி எல்லாப் பக்கமும் குறைந்தது 50 மில்லிமீற்றர். மேலே கைபிடியைப் பிடிக்கக் கை போக வேண்டும். ஈயூ22ஐக்கு உள்ளளவு 620க்கு 420க்கு 520 மில்லிமீற்றர் என்றால் வயர் சுருளும் வைக்கலாம்.

பட்டறைக்குப் போகுமுன் காட்போட்டில் அதே அளவில் ஒரு பெட்டி செய்து சட்டத்தின் மேல் வைத்துப் பாருங்கள். நிறுத்தும்போது மூக்கைத் தாங்கும் சின்னச் சில்லின் கைபிடி சுற்றுகிறதா? கைப் பிரேக்கை இழுக்க முடிகிறதா? வானின் பின்கதவு திறக்கிறதா? ஹைஏஸ் வைத்திருப்பவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும், அதன் பின்கதவு பெரிய வளைவில் மேலெழும். பிறகு வண்டியை மெதுவாக முழு ஸ்டியரிங்கில் இரண்டு பக்கமும் திருப்பி, பம்பரின் மூலை காட்போட்டை நெருங்குகிறதா என்று ஒருவரை நின்று பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சாண் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

இரும்பா, அலுமினியமா?

மேலே சொன்ன அளவில் ஆறு பக்கமும் சேர்த்து 1.6 சதுர மீற்றர் தகடு வரும். எட்டுக்கு நாலு அடித் தகடு ஒன்று வாங்கினால் மிஞ்சும். 1.2 மில்லிமீற்றர் இரும்புத் தகடு 15 கிலோ, 25 மில்லிமீற்றர் ஆங்கிள் அயன் சட்டம் 7 கிலோ, மொத்தம் 22. அதையே 2 மில்லிமீற்றர் அலுமினியத் தகட்டிலும் அலுமினிய ஆங்கிளிலும் செய்தால் 11 கிலோவுக்குள் முடிந்துவிடும். பாதி எடை. முன்பு போட்ட கணக்கில் 33 கிலோ 25 ஆகக் குறையும்.

எடை ஒரு பக்கம் இருக்க, கடற்காற்று இருக்கிறது. வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் யன்னல் கம்பிகள் எப்படிக் கறள் பிடிக்கின்றன என்று தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. இரும்பு என்றால் கல்வனைஸ் தகடு எடுங்கள். வெல்டிங் போட்ட இடத்தில் நாகப் பூச்சு எரிந்து போகும். அங்கே கம்பித் தூரிகையால் தேய்த்து, நாகம் கலந்த பிரைமர் அடித்து, மேலே பெயின்ற் அடிக்க வேண்டும். கறள் முதலில் பிடிப்பது மடிப்புகளின் உட்புறத்திலும் சட்டத்தின் அடியிலும்தான். அந்த இடங்களைத்தான் பெயின்ற் அடிப்பவர் அவசரத்தில் விட்டுவிடுவார். பக்கத்தில் நின்று அடிப்பியுங்கள்.

அலுமினியத்தில் வேறு கவனம் வேண்டும். அது இரும்பை நேரடியாகத் தொட்டபடி உப்பீரம் பட்டால் அந்த இடத்தில் அலுமினியம் அரிக்கப்படும். பெட்டிக்கும் ட்ரெய்லர் சட்டத்துக்கும் நடுவே ரப்பர் பட்டை, போல்ட்டுகளுக்கு நைலோன் வாஷர் போடுங்கள். அலுமினியம் வெல்டிங் எல்லாப் பட்டறையிலும் செய்ய மாட்டார்கள். ரிவெட் அடித்துச் செய்வதும் நன்றாகவே நிற்கும். என் விருப்பம் அலுமினியம்தான், செலவு கூடினாலும்.

பலகையில் செய்யலாமா?

வேண்டாம். பலகை பெற்றோலை உறிஞ்சி வைத்துக்கொள்ளும்.

ஓட்டாத மெஷினுக்கு எதற்குக் காற்றுத் துளை?

ஆவி வெளியேறத்தான். அது பாரமானது என்பதால் துளைகள் அடியில் வேண்டும்: நாலு மூலையிலும் 20 மில்லிமீற்றர் துளை, அதற்குப் பூச்சி வலை. மழைத் தண்ணீரும் அதே வழியால் வடியும். மேலே, மூடியின் விளிம்புக்குக் கீழே இரண்டு எதிர்ப் பக்கங்களிலும் கீழ்நோக்கி வளைந்த பிளவுகள் வைத்தால் காற்று ஓடும். முன்னால் பூட்டுகிற பெட்டியில் வண்டிச் சில்லு தெறிக்கும் சேறு நேராக வந்து அடிக்கும். ஆகவே வண்டியைப் பார்க்கும் பக்கத்தில் எந்தத் துளையும் வேண்டாம்.

ஓட்டி முடித்த மெஷினை உடனே உள்ளே வைக்காதீர்கள். கையைப் புகைக்குழாய்க்குக் கிட்டக் கொண்டுபோனால் சூடு தெரியாத அளவுக்கு ஆறட்டும். தாங்கி மூடியிலுள்ள காற்றுத் திருகியை மூடிவிட்டுத்தான் வண்டியை எடுக்க வேண்டும். இதை மறப்பவர்கள் பலர். பெட்டியின் உள்மூடியில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

சட்டத்தோடு வெல்ட் பண்ணிவிடலாமா?

வேண்டாம். முக்கோணச் சட்டம்தான் முழு ட்ரெய்லரையும் இழுக்கிறது. அதில் சூடு ஏற்றுவதும் துளை போடுவதும் பிற்காலத்தில் வெடிப்பு தொடங்கும் இடத்தை நாமே உண்டாக்குவது. சட்டத்துக்குக் குறுக்காக இரண்டு ஆங்கிள் அயன்களை வைத்து, அவற்றை யூ போல்ட்டால் அல்லது கீழே ஒரு தடித்த தகட்டுப் பிடியால் சட்டத்தோடு இறுக்குங்கள். பெட்டி அந்த ஆங்கிள்களில் நாலு 10 மில்லிமீற்றர் போல்ட்டால் உட்காரட்டும். போல்ட்டின் தலையில் 8.8 என்று வலிமைத் தரம் பொறித்திருக்க வேண்டும்; நட் நைலோன் வளையம் உள்ளதாக இருக்க வேண்டும். தகட்டின் அடியில் அகலமான வாஷர் போடாவிட்டால் குண்டு குழியில் போல்ட் தகட்டைக் கிழித்துக்கொண்டு வரும்.

மேல்மூடியா, பக்கக் கதவா?

இரண்டும் இருந்தால் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் கீழே விழுந்து மட்டமாக நிற்கும் பக்கக் கதவு. 24 கிலோவை மேல்மூடி வழியாகக் குனிந்து தூக்கினால் முதுகு பிடிக்கும். பக்கக் கதவு வீதியோரத்தில் நின்று திறக்கக்கூடிய இடது பக்கம் இருக்கட்டும். நமது நாட்டில் இடது பக்கம்தான் ஓரம். இழுக்கும் தட்டு போடுவதானால் இரண்டு முனையிலும் தடுப்புக் கொண்டி வேண்டும், இல்லாவிட்டால் கடுகண்ணாவை வளைவுகளில் தட்டு தானாகவே நகர்ந்து கதவை இடிக்கும். தட்டின் மேல் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பர் ஒரு துண்டு, அதற்கு மேல் மெஷின், அதை இறுக்க ஒரு ரச்செட் பட்டி. பிணைச்சல்கள் துருப்பிடிக்காத உருக்காக இருக்கட்டும்.

களவு போகாமல் இருக்க?

பெட்டியின் பூட்டை மட்டும் நம்பாதீர்கள், தகட்டை வளைத்துவிடலாம். மெஷினின் கைபிடிக்குள்ளால் தடித்த சங்கிலி ஒன்றை விட்டு, பெட்டியின் அடியிலுள்ள துளை வழியாக ட்ரெய்லர் சட்டத்தோடு சேர்த்துப் பூட்டுங்கள். போல்ட்டுகளின் நட்கள் பெட்டிக்கு உள்ளேயும், வெளியே சாவி பிடிக்க முடியாத உருண்டைத் தலையும் இருக்க வேண்டும். ஊருக்குள் நிறுத்தும் இரவுகளில் மெஷினை வீட்டுக்கு எடுத்துப் போவதே சிறந்த பூட்டு. கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் நிறுத்துபவர்கள் இதை வழக்கமாக்கிக்கொள்ளலாம்.

மேலதிகப் பெற்றோல் கானையும் கேஸ் சிலிண்டரையும் பெட்டிக்குள் வைக்கலாமா?

இரண்டுமே கூடாது. சமையல் கேஸும் காற்றைவிடப் பாரம், அதுவும் அடியில் தேங்கும். சிலிண்டருக்கு வெளியே திறந்த தனி இடம் வேண்டும், 2.3 கிலோ அல்லது 5 கிலோ சிலிண்டர் பயணத்துக்குப் போதும். பெற்றோலைப் போகும் இடத்தில் அடித்துக்கொள்வது நல்லது. 2022 இல் செய்ததைப் போலக் கான்களுக்குப் பெற்றோல் கொடுப்பதை நிறுத்தும் காலமும் வரலாம் என்று பயந்து, ட்ரெய்லரில் சேமித்து வைப்பது ஆபத்தை இழுத்துக்கொண்டு போவதுதான்.

பஞ்சிகாவத்தையில் ஜப்பான் ரீகண்டிஷன் மெஷின் மலிவாகச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

மெஷினில் வோல்ட் அளவு எழுதிய தகட்டைப் பார்த்துவிட்டு. ஜப்பானில் வீட்டுப் பாவனைக்கு விற்றவை 100 வோல்ட். நமது சாமான்கள் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். இடையில் டிரான்ஸ்போமர் வைத்தால் அதன் எடையும் அதே பெட்டியில் ஏறும். 100 வோல்ட் என்றால் விட்டுவிடுங்கள்.

வயர் இணைப்பு?

பெட்டியின் சுவரில் வயர் நுழையும் இடத்தில் ரப்பர் வளையம் வையுங்கள், இல்லையென்றால் தகட்டின் விளிம்பு காப்பை அறுக்கும். ட்ரெய்லருக்குள் 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச் வேண்டும். ஆனால் இந்த வகை மெஷின்களில் நியூட்ரல் பெரும்பாலும் எர்த்தோடு இணைந்திருக்காது. அந்த நிலையில் ட்ரிப் சுவிட்ச் எதிர்பார்த்தபடி விழாது. தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரிடம் இதைக் குறிப்பாகச் சொல்லிச் செய்வியுங்கள். வீட்டில் பாவிக்கும்போது, இரண்டு முனையிலும் பிளக் உள்ள வயரால் சுவர் சொக்கெட்டுக்குள் கறண்ட் ஏற்றவே கூடாது. கம்பத்தில் வேலை செய்யும் மின்சார ஊழியரைக் கொல்லக்கூடிய காரியம் அது.

சத்தத்துக்கு உள்ளே ஸ்பொஞ்ச் ஒட்டலாமா?

உள்ளே ஓட்டப் போவதில்லை, ஆகவே தேவையே இல்லை. ஸ்பொஞ்ச் பெற்றோலையும் தண்ணீரையும் பிடித்து வைக்கும்.

நுவரெலியாவில் மெஷின் இழுக்கவில்லையே, பெட்டியில் பிழையா?

உயரம்தான் காரணம். ஒவ்வொரு 300 மீற்றருக்கும் சுமார் 3.5 சதவீதம் வலு குறையும். நுவரெலியா 1868 மீற்றர். ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். 1.8 கிலோவாட் மெஷினில் 1.4 தான் கிடைக்கும். ஹீட்டரையும் கேத்திலையும் ஒரே நேரத்தில் போடாதீர்கள்.

கொழும்பில் எங்கே செய்விப்பது?

தகடு, ஆங்கிள், போல்ட், பிணைச்சல் எல்லாம் பழைய சோனகத் தெருவில் ஒரே நடையில் கிடைக்கும். வாங்கும் இடத்திலேயே அளவுக்கு வெட்டித் தருவார்களா என்று கடைக்கார நானாவிடம் கேளுங்கள். எட்டுக்கு நாலு தகட்டைத் த்ரீவீலில் கொண்டுபோக முடியாது. வெல்டிங் பாஸ் ஒருவரிடம் கொடுக்கும்போது வெறும் அளவைச் சொல்லாமல், காட்போட் பெட்டியையும் முடிந்தால் மெஷினையும் கொண்டுபோய்க் காட்டுங்கள். உள்ளளவா வெளியளவா என்பதைத் தாளில் எழுதிக் கொடுங்கள். ஆங்கிளின் தடிப்பும் ரப்பரின் தடிப்பும் உள்ளே எடுக்கும் இடம் சேர்ந்தால் இரண்டு விரல் அகலம் போய்விடும். மெஷின் கதவால் நுழையாமல் நிற்கும் பெட்டிகள் பெரும்பாலும் இதனால்தான்.

பெட்டியால் ட்ரெய்லரின் நீளம் அகலம் மாறினாலோ, விளக்கோ இலக்கத் தகடோ மறைந்தாலோ, வேலையைத் தொடங்குமுன் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பூட்டிய பிறகு என்ன பார்க்க வேண்டும்?

முதல் ஓட்டத்தில் 50 கிலோமீற்றர் போனதும் நிறுத்தி எல்லா நட்டையும் மறுபடி இறுக்குங்கள். ரப்பர் அமுங்கும்போது பிடி தளரும். 10 மில்லிமீற்றர் 8.8 போல்ட்டுக்கு 45 நியூட்டன் மீற்றர் அளவு சரி, ஆனால் அலுமினியத்துக்கும் ரப்பருக்கும் மேலே இறுக்கும்போது ரப்பர் பிதுங்குமுன் நிறுத்துங்கள். நட்டிலிருந்து ஆங்கிள் வரை பெயின்ற் பேனாவால் ஒரு கோடு இழுத்து வைத்தால், அடுத்த முறை சாவி எடுக்காமலே நட் நகர்ந்ததா என்று தெரியும். பிறகு கதவைத் திறந்து பெற்றோல் மணம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் காற்றுத் திருகி மூடியிருக்கிறதா என்பதை முதலிலும், எரிபொருள் குழாயை அடுத்ததாகவும் பாருங்கள்.